சரப சாஸ்திரியின் செவியும் பல்லடத்துக் குழலும்

பல்லடம் என்றதும் இன்று விசைத்தறிதான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பெயரை ஒரு காலத்தில் கச்சேரி மேடைகளுக்குக் கொண்டுபோனவர் புல்லாங்குழல் வித்வான் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962). அவருடைய குரு கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904), சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய முன்னோடி. கண்ணை எடுத்துக்கொண்ட கடவுள் காதைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று இத்தகையோரைப் பற்றிச் சொல்வது நம் வழக்கம். பரிவோடு சொல்வதுதான் என்றாலும், அவர்கள் பட்ட பாட்டை அது மறைத்துவிடுகிறது. பார்வையின்மை தந்த வரம் என்றால் அந்தச் செவி சாஸ்திரியோடு போயிருக்க வேண்டும். பார்வையுள்ள சீடருக்கு அது கைமாறியது. 1943இல் சென்னை மியூசிக் அகாடமி சஞ்சீவ ராவைச் சங்கீத கலாநிதி ஆக்கியது.

குழலைக் குறுக்காகப் பிடித்து ஊதுபவருக்குத் தன் விரல்கள் சரியாகக் கண்ணில் படுவதில்லை. மூங்கிலின் துளைகள் சுரத்துக்குத் தோராயமான இடத்தையே தரும். துளையைப் பாதி மூடியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும், உதட்டருகே குழலை இம்மி திருப்பியும் தம்பூராவோடு சேர்க்க வேண்டும். காந்தாரம் சற்றே இறங்கி நின்றால் அதைக் காதுதான் பிடிக்கும். பாடமும் அப்படியே நடந்தது: குரு பாடுவார், சீடர் திருப்பிப் பாடுவார், பிசகினால் மறுபடி. கீர்த்தனைகளைப் பெருமளவில் சுரப்படுத்திய சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சில் வந்ததே 1904இல், சாஸ்திரி மறைந்த ஆண்டில். அதுவரை கண்ணுள்ளவர்களும் பெரும்பாலும் கேட்டே கற்றார்கள்.

அறிவியல் வேறு சொல்கிறதே என்று கேட்கலாம். சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டறிவதில் இளம் வயதில் பார்வை இழந்தோர் மற்றவர்களை மிஞ்சுகிறார்கள் என்று 2004இல் 'நேச்சர்' இதழில் வந்த கனடா ஆய்வு காட்டியது உண்மை. பிற்காலத்தில் பார்வை இழந்தோரிடம் அந்தத் திறன் கூடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே பார்வை போவது மட்டும் போதாது. வளரும் மூளை சிறு வயதிலிருந்தே ஒலியை நம்பிப் பழக வேண்டும். அந்தக் கூர்மையும் தானாக ராகம் ஆகிவிடாது. அப்படியானால் பார்வையற்றோரில் இத்தனை இசைக்கலைஞர்கள் எப்படி? மற்ற கதவுகளை நாம் சாத்திவைத்ததும் ஒரு காரணம். உதாரணத்துக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங், தையல், செக்கிங் எல்லாமே கண்ணை நம்பி அமைத்த வேலைகள்.

பார்வையற்ற குழந்தை பாட்டில் நாட்டம் காட்டினால், தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வயதிலேயே நல்ல ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.