ரோடு பைக்கா, டிரையத்லான் பைக்கா? விதிகள் பிரித்த இரண்டு மிதிவண்டிகள்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலை, பாலாற்றில் மாநில எல்லையைக் கடக்கிறது. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு. இது மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேரும் சிற்றாறு. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன்பின் மைசூருக்குப் போயிற்று. ஆற்றைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து, கொண்டை ஊசி வளைவுகளோடு மலையேறுகிறது. இத்தகைய சாலையில் டிரையத்லான் பைக்கை ஓட்டிச் செல்பவர் அதன் சிறப்புகளில் ஒன்றையும் உணரமாட்டார். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் தடை பொருட்டாகாது. இறக்கத்தின் வளைவுகளில் முழங்கைகளை ஊன்றிப் படுத்த நிலையில் ஓட்டுவது ஆபத்து. பிரேக்கும் அந்நிலையில் கைக்கு எட்டாது. எனில் இப்படியொரு வண்டி ஏன் உருவாயிற்று?

பொறியியல் முன்னேற்றமே காரணம் என்பது பொதுவான விடை. அது பாதி விடைதான். இரண்டு வண்டிகளையும் பிரித்தது, பந்தயத்தில் ஒருவர் மற்றொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து செல்லலாமா என்ற கேள்வி.

சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் சென்றால் அச்சுமை வெகுவாகக் குறையும். சாலைப் பந்தயத்தின் தந்திரங்கள் அனைத்தும் இதன்மேல் எழுந்தவை. சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிய கூட்டத்துக்குள் ஓடுவதற்கு வளைந்த கைப்பிடியும், எந்நேரமும் பிரேக்கை எட்டும் விரல்களும், சட்டென்று திரும்பும் இயல்பும் வேண்டும். ரோடு பைக்கின் உருவம் இத்தேவைகளிலிருந்து வந்தது.

டிரையத்லானின் கதை வேறு. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேன் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சலுக்கும் 42.2 கி.மீ. ஓட்டத்துக்கும் இடையே சுமார் 180 கி.மீ. மிதிவண்டிப் பயணம் இருந்தது. தனியொருவரின் உடல்வலிமையைச் சோதிப்பதே நோக்கம் என்பதால், இவ்வகைப் போட்டிகளில் பிறர் பின்னால் மறைந்து ஓட்டுவது விதிமீறலானது. மறைவில்லாதவருக்குக் காற்று நிலையான எதிரி. அதற்கேற்ற தீர்வு 1980களின் பிற்பாதியில் வந்தது. பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லெனன் ஸ்காட் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஏரோபார், முன்கைகளை ஒடுக்கி முன்னே நீட்ட வழிசெய்தது. ஆனால் உடல் தாழ்ந்ததும் தொடை வயிற்றோடு இடித்தது. டான் எம்ஃபீல்டு 1989இல் குயின்டானா ரூ நிறுவனத்தின் சூப்பர்ஃபார்ம் என்ற வண்டியில் இருக்கைக் குழாயைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஓட்டுபவரைப் பெடலுக்கு மேலாக முன்னே நகர்த்தினார். ரோடு பைக்கில் ஏறத்தாழ 73 பாகையாக இருக்கும் அக்கோணம் டிரையத்லான் பைக்கில் 78 பாகையை எட்டியதும் தாண்டியதும் இவ்வழியில்தான். இதனால் இறங்கி ஓடும்போது கால் தசைகள் தளராமலிருக்கும் என்பது டிரையத்லான் வீரர்களின் நெடுநாள் வாதம்.

அதே ஆண்டு இக்கருவி சாலைப் பந்தயத்தின் கோட்டைக்குள் நுழைந்தது. 1989 ஜூலை 23, டூர் டி பிரான்சின் இறுதி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தனிநபர் நேரப்போட்டி. லொரான் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் ஏரோபாரோடு இறங்கினார். ஃபின்யோன் வழக்கமான கைப்பிடியோடு, தலைக்கவசமின்றி, குதிரைவால் கூந்தல் பறக்க ஓட்டினார். 3,200 கி.மீ.க்கு மேல் ஓடிய பந்தயம் 8 விநாடியில் முடிவாயிற்று. லெமாண்டின் வெற்றிக்கு ஏரோபார் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும் அந்த 8 விநாடிக்குப் பின் அதை எவராலும் புறக்கணிக்க இயலவில்லை.

புறக்கணிக்க இயலாததை விதிகள் எல்லைகட்டின. சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்துக்கு இது புதிதன்று. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் சாய்வு வண்டியில் ஒரு மணிநேரச் சாதனையை முறியடித்ததும், 1934இல் அவ்வண்டியையே பந்தயத்திலிருந்து விலக்கிய அமைப்பு அது. ஏரோபார் நேரப்போட்டிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. இருக்கையின் முனை பெடல் அச்சுக்குக் குறைந்தது 5 செ.மீ. பின்னால் இருக்கவேண்டும் என்ற விதி, எம்ஃபீல்டின் வடிவத்தைச் சாலைப் பந்தயத்துக்கு வெளியே நிறுத்தியது. "மிதிவண்டி" என்ற சொல்லின் பொருளை அகராதி தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதைவிட வியப்பானது டிரையத்லானுக்குள்ளேயே நிகழ்ந்த பிளவு. 1995 முதல் முன்னணி வீரர்களின் சர்வதேசப் போட்டிகளில் காற்றுமறைவு அனுமதிக்கப்பட்டது. 2000இல் சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, 40 கி.மீ. மிதிவண்டிப் பகுதியை வீரர்கள் கூட்டமாக, வளைந்த கைப்பிடி வண்டிகளில் ஓட்டினர். டிரையத்லானின் மிக உயர்ந்த மேடையில் டிரையத்லான் பைக்குக்கு இடமில்லை. விதி மாறியவுடன் வண்டியும் மாறிற்று. காற்றின் இயற்பியல் அப்படியேதான் இருந்தது.

இந்தியாவில் இவ்விரு மரபுகளும் தாமதமாகவே வந்து சேர்ந்தன. அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் நெடுங்காலம் வார்த்தது சுமையும் ஆளும் ஏற்றும் கனமான வண்டிகளையே. 2008 டிசம்பரில் தொடங்கிய நீலகிரிச் சுற்றுப் பயணம் மைசூர்ப் பகுதியையும் மலையையும் இணைத்தது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் ரோடு பைக்கின் மெல்லிய எடையும் இலகுவான கியரும்தான் பேசும். 2019இல் கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டியோ 90 கி.மீ. தூரத்தைத் தனித்து ஓட்டச் சொன்னது. அங்கே டிரையத்லான் பைக் தன் விலைக்குரிய பயனைத் தரும். இரண்டையும் வாங்க வசதியில்லாத பெரும்பாலோர் ரோடு பைக்கில் ஏரோபாரைத் திருகிப் பொருத்திக்கொள்கின்றனர். இதை அரைகுறைச் சமரசம் என்று இகழ்வோர் உண்டு. 1989இல் பாரிசுக்குள் நுழைந்த லெமாண்டின் வண்டியும் ஏறத்தாழ அத்தகையதே.