ஜாவா தொடராக்கமும் வகுப்பு மாற்றங்களும்

நினைவகத்தில் உள்ள ஒரு பொருளை பைட்டுகளாக மாற்றிக் கோப்பில் சேமிப்பது தொடராக்கம் அல்லது சீரியலைசேஷன் எனப்படும். சேமித்த பிறகு அப்பொருளின் வகுப்பு வரையறை மாறிவிட்டால், பழைய கோப்பை எப்படித் திறப்பது? பொருள் நோக்கு நிரலாக்கத்தின் நெடுநாள் சிக்கலான இதை ஜாவா மொழியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஜேடிகே 1.1 பதிப்பில் இவ்வசதி அறிமுகமானது. கோப்பில் வகுப்பின் பெயர், புலங்களின் பெயர்கள், வகைகள், மதிப்புகள் ஆகியவை எழுதப்படும்; செயற்கூறுகளின் நிரல் எழுதப்படாது. கூடவே 64 பிட் அளவுள்ள பதிப்பு எண் ஒன்றும் பதிவாகும். கோப்பில் உள்ள எண்ணும் தற்போதைய வகுப்பின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பிழை எழுந்து, கோப்பு திறக்காது.

நிரலர் இந்த எண்ணைக் குறிப்பிடாவிட்டால், வகுப்பின் பெயர், புலங்கள், செயற்கூறுகள் முதலியவற்றிலிருந்து ஜாவாவே அதைக் கணக்கிடும். எனவே தரவு சிறிதும் மாறாமல் ஒரு பொதுச் செயற்கூறு மட்டும் கூடினாலும் எண் மாறி, பழைய கோப்புகள் பயனற்றுப் போகும்.

நிரலரே எண்ணை நிலையாக எழுதிவைத்தால் இத்தடை நீங்கும். ஆனால் வேறொரு ஆபத்து உண்டு. 'மாணவர்' வகுப்பில் 'மின்னஞ்சல்' என்ற புலத்தைப் புதிதாகச் சேர்த்தால், பழைய கோப்பிலிருந்து வரும் பொருளில் அது வெறுமையாக இருக்கும். அவ்வகுப்பின் ஆக்கி இயங்காததால் தொடக்க மதிப்பும் கிடைக்காது. புலத்தின் பெயரை மாற்றினால், பழைய மதிப்பு எந்தப் பிழைச் செய்தியும் இன்றிக் கைவிடப்படும். திறக்காத கோப்பைவிட, திறந்தும் தரவை இழந்த கோப்பைக் கண்டறிவது கடினம். இதைத் தவிர்க்க, பழைய வடிவத்தைப் படித்துப் புதிய வடிவத்துக்கு மாற்றும் செயற்கூற்றை நிரலரே எழுத வேண்டும்.

ஜாவாவின் சொந்த நூலகமும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. சேமித்த ஸ்விங் பொருள்கள் வருங்காலப் பதிப்புகளுடன் பொருந்தமாட்டா என அதன் ஆவணங்களே எச்சரித்தன. நீண்டகாலச் சேமிப்புக்காக 2002இல் வந்த 1.4 பதிப்பில் எக்ஸ்எம்எல் வழிமுறை சேர்க்கப்பட்டது.

கூகுள் 2008இல் திறமூலமாக வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் வேறு வழியை எடுத்தது. அதில் ஒவ்வொரு புலமும் பெயரால் அன்றி எண்ணால் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே பைட்டு வடிவில் சேமித்த தரவைப் பெயர்மாற்றம் பாதிப்பதில்லை. நீக்கிய புலத்தின் எண்ணை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதே அங்கு முதன்மையான விதி.