நீர்மூழ்கிக் கப்பலும் கார்புரேட்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

பைக் மெக்கானிக் கடைகள் சிலவற்றில் இப்போது ஒரு சின்ன எவர்சில்வர் தொட்டியைப் பார்க்கலாம். கழற்றிய கார்புரேட்டரை உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டினால் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். யாரும் தேய்க்காமலே அழுக்கு புகைபோலக் கிளம்பி வரும். இதுதான் அல்ட்ராசோனிக் கிளீனர். பாடப்புத்தகத் தமிழில் மீயொலித் தூய்மைக்கருவி என்று சொல்லலாம். கடையில் போய் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

இதன் கதை கப்பலில் தொடங்குகிறது. 1894-ல் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற நீராவி டர்பைன் கப்பலைக் கட்டினார். எந்திரம் வேகமாகத்தான் சுற்றியது. கப்பல் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. காரணம், அதிவேகத்தில் சுற்றிய விசிறியைச் சுற்றி நீரில் குமிழ்கள் உண்டாகி, விசிறிக்குப் பிடிமானமே இல்லாமல் போனது. கேவிடேஷன் என்பது இதுதான். விசிறிகளின் அமைப்பை மாற்றிய பிறகு அதே கப்பல் 1897-ல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் யாராலும் துரத்திப் பிடிக்க முடியாதபடி பறந்தது. ஆனால் குமிழ்த் தொல்லை தீரவில்லை. கப்பல் விசிறிகளின் உலோகத்தையே அது அரித்தது. சாதாரணக் குமிழ் உலோகத்தை எப்படி அரிக்கும்? குமிழ் நொறுங்கும் கணத்தில் அந்தப் புள்ளியில் பிரம்மாண்டமான அழுத்தம் எழுகிறது என்று 1917-ல் ராலே பிரபு கணக்குப் போட்டுக் காட்டினார்.

இன்னொரு கிளை பாரிஸில். 1880-ல் பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. பல வருடம் அது ஆய்வுக்கூடப் பொருளாகவே கிடந்தது. பியர் 1906-ல் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்துபோனார். அவரிடம் படித்த பால் லாஞ்சவன்தான், முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியரின் படிகத்தைக் கையில் எடுத்தார். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். வாத்தியார் விட்ட இடத்திலிருந்து மாணவன் தொடர்வது என்றால் இதுவல்லவா! அந்தச் சோதனைகளின்போது ஒலிப் பாதையில் வந்த மீன்கள் செத்தன. நீரில் கையை விட்டவர்களுக்கு வலித்தது. 1927-ல் அமெரிக்காவில் ராபர்ட் வுட், ஆல்ஃபிரட் லூமிஸ் இருவரும் இந்த விளைவுகளை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள்.

குவார்ட்ஸுக்குப் பதிலாக மலிவான பீங்கான் வகைப் பொருள்கள் 1940-களிலும் 50-களிலும் வந்த பிறகுதான் தொழிற்சாலைக்குள் தொட்டி நுழைந்தது. இன்றும் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த உருளைக்கு லாஞ்சவன் வகை என்றே பெயர். பெரும்பாலும் நொடிக்கு 40,000 அதிர்வு. ஒவ்வோர் அதிர்விலும் நீர் இழுபட்டுக் குமிழ் பிறக்கிறது, அமுங்கி நொறுங்குகிறது. கப்பல் விசிறியை அரித்த அதே குமிழ்தான், இங்கே சிறிய அளவில், ஜெட் துளைக்குள் படிந்த பிசினைப் பெயர்க்கிறது. பிரஷ் நுழையாத இடத்திலும் நீர் நுழையுமே! கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் மைலேஜ் போச்சு.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் மைலேஜ் அல்ல. எட்டாவதோடு நின்றுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். அவர்களின் முதல் வேலையே தகரத்தட்டில் பெட்ரோல் ஊற்றி வெறுங்கையால் பாகங்களைக் கழுவுவதுதான். விரல்கள் வெளுத்து வெடித்திருக்கும். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயச் சேர்மம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நாடு முழுக்க அது நின்றது 2000-ல்தான். அந்த வருடங்களில் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. நம் பையன்களின் கை மலிவு, அதனால் இங்கே தொட்டி வரத் தாமதம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இப்போது வாங்கியிருப்பவர்களுக்குச் சில வார்த்தை. தொட்டியில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றவே கூடாது. சூடும் ஆவியும் மின்சாரமும் சேர்ந்தால் தீதான். தண்ணீரும் அதற்கென்ற சோப்புக் கரைசலும் போதும், 50, 60 டிகிரி சூட்டில். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். ரப்பர் பாகங்களை முதலில் கழற்றிவிடுங்கள். பாகம் அடியில் படாமல் கூடையில் தொங்க வேண்டும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துளைகளில் காற்றடித்து உலர்த்துங்கள். ஓடும்போது உள்ளே கையை விடாதீர்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொட்டிக்கு வேலை போகவில்லை. இப்போது அதில் இன்ஜெக்டர் குளிக்கிறது.