காமாலைச் சூடும் கட்டிக்குச் சூடும்

காமாலை கண்டவருக்குச் சூடு போடுவது புதுச்சேரிச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பழைய வழக்கம். கம்பியைக் காய்ச்சி முன்கையிலோ வயிற்றிலோ தொட்டு எடுப்பார்கள். கைக்குழந்தைகளும் இதற்குத் தப்பியதில்லை. அதே கல்லீரலில் வரும் புற்றுக்கட்டியை இன்றைய மருத்துவம் ஊசியைச் செலுத்திச் சுட்டு அழிக்கிறது. இதைக் கேள்விப்பட்டதும், ‘நம் முன்னோர் அன்றே செய்ததுதானே’ என்று சொல்லத் தோன்றும். அந்தப் பெருமையில் பாதி உண்மை. மறுபாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருத்துவ முறைகளில் சூடு போடும் சுட்டிகையும் ஒன்று. அறுவையும், அரிக்கும் மருந்தான காரமும் அதே வரிசையில் வருகின்றன. அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவன் மேல் மாறாத அன்பு கொண்ட நோயாளியைக் குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் உவமையாக்குகிறார். கேட்பவருக்குப் பழக்கமில்லாத ஒன்றை உவமையாகச் சொல்ல முடியாது. ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுடுவது மருத்துவனின் வேலையாக மதிக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் நிற்காத புண், மரு போலக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அது பலன் தந்தது. கல்லீரலோ விலா எலும்புக்குக் கீழே கிடக்கிறது; தோலில் போட்ட சூடு அதைத் தொடுவதே இல்லை. பிறகு வழக்கம் எப்படி நிலைத்தது? அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடியும். பிறந்த குழந்தையின் மஞ்சளும் பெரும்பாலும் அப்படித்தான். உடம்பு தானாகத் தேறியதற்கான பெயரைச் சூடு தட்டிக்கொண்டு போனது.

புதிய சூட்டின் வரலாறு வேறு. புதுச்சேரியின் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த 1891-இல், பிரான்சில் தார்சொன்வால் என்ற அறிவியலாளர், மிக வேகமாகத் திசை மாறும் மின்சாரம் தசையைத் துடிக்க வைக்காமல் உடம்புக்குள் வெப்பத்தை மட்டும் உண்டாக்கும் என்று காட்டினார். ஆனாலும் 1990-இல்தான் கலிபோர்னியாவில் மெக்காஹனும் இத்தாலியில் ரோஸியும் தனித்தனியே அதைக் கல்லீரலுக்குள் ஊசி வழியே செலுத்தும் முறையை முன்வைத்தார்கள். அதற்கு உள்ளுறுப்பைக் காட்டும் ஸ்கேன் வர வேண்டியிருந்தது. ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே மருத்துவர் விலா இடுக்கில் ஊசியை இறக்குகிறார். முனை கட்டிக்குள் நின்றதும் மின்சாரம் பாய்கிறது. 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே மடிகின்றன. 100-ஐத் தாண்டினாலோ திசு கருகி, வெப்பம் மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடும். சூடேறும்போது எழும் நுண்குமிழிகள் திரையில் வெண்மேகமாய்ப் படரும். கட்டியோடு சேர்த்து, சுற்றியுள்ள நல்ல திசுவிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வேக வேண்டும். பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால், ஓடும் ரத்தமே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். இடத்தைக் கண்டு, அளந்து சுடுவதுதான் இங்கே சிகிச்சை. கிராமத்துச் சூட்டில் இல்லாமல் போனது இதுதான்.

ஒரு மறுப்பு எழலாம்: இவ்வளவு நுட்பமான சிகிச்சை எங்கோ பெரிய மருத்துவமனையில் இருப்பதால் வயல்காட்டு மக்களுக்கு என்ன பயன்? தூரம் இங்கே பெரிய தடையில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிறது. அதன் கிராமப்புற சுகாதார மையம் வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. தடை நேரம்தான். கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் சூடு நன்றாகப் பலிக்கும். அந்த அளவில் பெரும்பாலும் வலியும் இருக்காது, காமாலையும் இருக்காது. கண் மஞ்சளித்து, சூடு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கப் பணம் ஏது என்றால், எல்லோருக்கும் தேவையில்லை. சாராயத்தாலோ வேறு காரணத்தாலோ கல்லீரல் சுருங்கியவர்களுக்கும், ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களில் மருத்துவர் சொல்பவர்களுக்கும் போதும். சுட்ட பிறகும் அதே கல்லீரலில் புதுக்கட்டி முளைக்கலாம் என்பதால், அவர்கள் சிகிச்சைக்குப் பிறகும் ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். குழந்தைக்கு மஞ்சள் கண்டால் கம்பியைக் காய்ச்சாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.