தூங்கிய கணினியும் தொலைந்த ஆறு பக்கங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

என் கணினிக்கு 9 வயது. நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியர் ஐயா, தம் பள்ளி நாட்களைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் நோட்பேடில் தட்டச்சு செய்தேன். ஆறு பக்கம் வந்தது. சேமிக்காமல், கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுப்பினால் அது முதலிலிருந்து புதிதாகத் தொடங்கியது. பக்கங்கள் போயே போச்சு. இரவில் மின்தடையும் இல்லை. மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். பத்தாம் நாள் ஐயா காலமாகிவிட்டார்.

பழுது பார்ப்பவர், "தூக்கிப் போடுங்க சார்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கணினிக்கு இந்தத் தூக்கம் எப்போது வந்தது என்று தேடிப் படித்தேன்.

அந்தக் காலக் கணினிகளில் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் முழுதும் நின்றுவிடும். 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. சும்மா இருக்கும் கணினி மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். மறு ஆண்டு அதிபர் கிளிண்டன், அரசு அலுவலகங்கள் அத்தகைய கணினிகளையே வாங்க வேண்டும் என ஆணையிட்டார். 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த 'ஏ.பி.எம்.' முறையில் தூங்க வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பயாஸிடம் இருந்தது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட 'ஏ.சி.பி.ஐ.' அந்தப் பொறுப்பை விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடம் ஒப்படைத்தது.

இடையில் 1995இல் இன்டெலின் 'ஏ.டி.எக்ஸ்.' வடிவம் வந்தது. அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸில், கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் மின்சாரம் தரும் தனி வழி ஒன்று உண்டு. கணினி தூங்கும்போது ரேமுக்கு உயிர் கொடுப்பது அதுதான். மற்றவை பெரும்பாலும் அணைந்திருக்கும்.

விழித்ததும் ஒவ்வொரு உறுப்பையும் அதனதன் டிரைவர் எழுப்ப வேண்டும். இடைவேளை மணி அடித்தபின் ஒவ்வொரு ஆசிரியரும் தத்தம் வகுப்பைக் கூட்டுவது போல. ஓர் ஆசிரியர் வரவில்லை என்றால் அந்த வகுப்பில் மட்டும் கூச்சல். ஆகவே கோளாறைப் பார்த்தே இடத்தை ஊகிக்கலாம்.

மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். இணையம் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தானே விழித்துக்கொள்கிறது என்றால், கணினியை எழுப்பும் அனுமதி மவுஸுக்கோ நெட்வொர்க் கார்டுக்கோ இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

என் கணினி பகல் முழுக்க ஒழுங்காக ஓடியது. ரேம் சோதனையிலும் தேறியது. தூங்கினால்தான் எல்லாம் மறந்தது. அப்படியானால் சந்தேகம் அந்த 5 வோல்ட் வழி மீதுதான். பழைய மாணவர் ஒருவர் வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை. பழையதில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. நீங்களாக அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இரவில் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் பயன்படுத்துங்கள். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டே அணையும். அதற்கும் முன்னால் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

கணினியை மீட்டுவிட்டேன், அந்த ஆறு பக்கங்களை மீட்க முடியவில்லை. ஐயாவிடம் படித்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், நினைவில் இருப்பதை இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். இந்த முறை உடனுக்குடன் சேமித்துக்கொள்கிறேன்.