ஜாமீனும் பிணையும்

‘ஜாமீன் கிடைச்சிருச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு’ என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னதைப் போன வாரம் கேட்டேன். முடியவில்லை, வழக்கு இனிமேல்தான் நடக்கும். இந்தச் சொல் நம்மிடம் வந்தபோதே இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அரபியில் ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்று நிற்கும் ஆள். பாரசீகம், உருது வழியாக வந்த அந்த ஆள், தமிழில் கைதியின் தற்காலிக விடுவிப்பாக மாறிவிட்டார். காலியான அவர் இடத்துக்கு ‘ஜாமீன்தாரர்’ என்று இன்னொருவரைப் படைத்துக்கொண்டோம். இந்தியில் இன்றும் ஆள் ‘ஜாமின்’, விடுவிப்பு ‘ஜமானத்’. சிலர் ‘ஜமீன்’ என்றே எழுதுகிறார்கள். அது நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல், இதற்கு உறவே இல்லை. நம் சொல் ‘பிணை’. பிணைத்தல் என்றால் கட்டுதல். தொடுத்த மாலை பிணையல். களத்தில் கதிர் மிதிக்க ஒன்றாகக் கட்டிய மாடுகளும் பிணையல். கதவின் கீல் பிணைச்சல். கட்டைக் குறிக்கும் சொல் விடுவிப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று நானும் ஒரு காலத்தில் முகம் சுளித்தவன்தான். யோசித்தால் அதுவே சரி. வெளியே வந்தவரை அழைத்த நாளில் நீதிமன்றத்துக்கு வர வைப்பது அந்தக் கட்டு. முன்ஜாமீனை ‘முன்பிணை’ என்றால் நாவும் தடுக்காது. பிணையில் வந்தவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானவர் அல்லர். குற்றவாளி என்று தீர்ப்பானவரும் அல்லர். ‘விடுதலை’ என்ற சொல்லைத் தீர்ப்பு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.