பால் ஜாயிண்ட் மாற்றுதல் (கிட் கார்)

பால் ஜாயிண்ட் அல்லது பந்து மூட்டு என்பது முன்சக்கரத்தின் நிமிர்தண்டைச் சஸ்பென்ஷன் கையுடன் இணைக்கும் உறுப்பு. கிண்ணத்துள் அமர்ந்த எஃகுக் குண்டும், அதிலிருந்து நீளும் கூம்புத் தண்டும் கொண்டது. சக்கரம் ஏறி இறங்கவும் திரும்பவும் இடம் தருகிறது. உறுப்புகளாக வாங்கி உரிமையாளரே கட்டிக்கொள்ளும் கிட் காரில் இது பெரும்பாலும் வேறொரு பழைய காரிலிருந்து எடுத்துப் பூட்டப்படுவதால், மாற்று உறுப்பைத் தேடுவோர் அந்த மூலக் காரை அறிந்திருக்க வேண்டும். ட்ரயம்ப் ஹெரால்டு வழிவந்த பிரிட்டன் கிட் கார்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வரலாறு

தொடக்கக் காலக் கார்களின் முன்சக்கரங்கள் கிங் பின் எனும் எஃகு ஊசியைச் சுற்றியே திரும்பின. அமெரிக்காவில் 1952 லிங்கன் கார் முன்சக்கரங்களுக்குப் பந்து மூட்டைக் கொண்டுவந்தது. 1954இல் ஃபோர்டு கார்களுக்கும் அது வந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1966ஆம் ஆண்டு மாடலில்தான் கிங் பின்னைக் கைவிட்டது.

பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனம் இடைவழி ஒன்றைக் கண்டது. 1953இல் வந்த அதன் ட்ரயம்ப் டி.ஆர். 2 காரில் மேலே பந்து மூட்டும், கீழே நிமிர்தண்டின் அடி திருகி அமரும் மரையுள்ள தாங்கியான டிரனியனும் இருந்தன. 1959 ஏப்ரலில் வெளிவந்த ஹெரால்டும் இதே அமைப்பைப் பெற்றது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. ஹெரால்டின் உடல் தனிச் சேசிஸின் மேல் போல்ட்டால் பூட்டப்பட்டது. துருவேறிய உடலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய உடலைப் பொருத்த இது வசதியாயிற்று. ஜென்ட்ரி, தொடக்கக் கால ஸ்பார்டன் போன்ற கிட் கார்கள் இவ்வாறு பிறந்தன. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதே முன் சஸ்பென்ஷன்தான்.

கிட் காருக்கு வேறு தூண்டுதலும் இருந்தது: காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் (1957) போன்றவை கிட்டாக விற்கப்பட்டதற்குக் கொள்முதல் வரி விலக்கே முதன்மைக் காரணம். 1973 ஏப்ரலில் அவ்வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அச்சலுகை மறைந்தது.

வகைப்பாடு

சுமையை ஒட்டி மூட்டுகள் இரு வகைப்படும். ஸ்பிரிங் அழுத்தும் கையில் உள்ளது சுமை தாங்கும் மூட்டு. மற்றது வழிகாட்டும் மூட்டு. ஹெரால்டில் ஸ்பிரிங் கீழ்க்கையை அழுத்துவதால் டிரனியன் முதல் வகையிலும், மேல் பந்து மூட்டு இரண்டாம் வகையிலும் அடங்கும்.

பொருத்தும் முறையை ஒட்டி மூவகை உண்டு:

1. போல்ட்டால் பூட்டுவது: ஹெரால்டு. இரு போல்ட்டுகள்.
2. அழுத்திச் செருகுவது: பீட்டில். பிரஸ் தேவை.
3. மரையில் திருகுவது: வீட்டிலேயே கட்டப்படும் செவன் பாணிக் கார்கள் பலவற்றில் காணப்படுவது. கழற்றும்போது சுற்றுகளை எண்ணாவிட்டால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

மாற்றும் முறை

கிழிந்த ரப்பர் உறை, மேடுபள்ளத்தில் எழும் தட்டொலி, ஓரம் மட்டும் தேயும் டயர் ஆகியவை தேய்வின் அறிகுறிகள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும்.

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் டேம்பரைத் தொடக் கூடாது. மூட்டு விடுபட்டதும் நிமிர்தண்டு வெளிப்புறம் சாய்ந்து பிரேக் ஹோஸை இழுக்குமாதலால் நிமிர்தண்டைக் கயிற்றால் கட்டி வைப்பர். கூம்புத் தண்டின் நட்டைத் தளர்த்தியபின் புல்லரால் விடுவிக்க வேண்டும். கவட்டை உளியைச் செலுத்தினால் ரப்பர் உறை கிழியும். அது பொறுமையற்றோர் வழி. பிறகு இரு போல்ட்டுகளையும் நீக்கிப் புதிய மூட்டைப் பூட்டலாம். கூம்புப் பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. நைலான் வளைய நட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஹெரால்டில் சக்கரச் சாய்வு கீழ்க்கைத் தாங்கிகளின் ஷிம்களால் (மெல்லிய இடைத்தகடுகளால்) அமைவதால் இப்பணியால் மாறாது.

டிரனியனுக்குக் கிரீஸ் உதவாது. 90 எண் கியர் ஆயிலே உரியது. ஆயில் வற்றி நீர் புகுந்தால் நிமிர்தண்டின் மரை துருப்பிடித்து, தண்டே முறியக்கூடும்.

இன்றைய நிலை

மாற்று மூட்டுகள் இன்றும் விற்பனையில் உள்ளன. மூட்டில் ஆட்டம் மிகுந்த கார் பிரிட்டனின் எம்.ஓ.டி. எனும் வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது.